மாடுகளுக்கு வரும் தோல் கழலை நோய்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தோல் கழலை நோய் என்பது எது? அம்மை என்று சொல்வதும் இதுவும் ஒன்றா?

மாட்டின் உடம்பெங்கும் உருண்டை உருண்டையாகக் கழலை கிளம்பும் வைரஸ் நோய் இது. பேச்சில் பெரியம்மை, தோல் கட்டி நோய், இலம்பி நோய் என்று பல பெயர்கள் உண்டு. வைரஸ் அம்மைக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். ஆனால் மனிதருக்கு வந்த பெரியம்மைக்கு இது தூரத்து உறவு. செம்மறியாட்டு அம்மையும் வெள்ளாட்டு அம்மையும்தான் இதன் கூடப் பிறந்தவை. வெள்ளாட்டு அம்மைக்கான தடுப்பூசி மாட்டையும் காப்பது அதனால்தான்.

1929இல் இன்றைய ஜாம்பியாவில் முதன்முதலாக இந்த நோய் பதிவானது. அப்போது இதை விஷச்செடி தின்றதால் வந்தது என்றும், பூச்சிக்கடி ஒவ்வாமை என்றும் நினைத்தார்கள். தொற்றுநோய் என்று தெரியப் பல ஆண்டுகள் ஆயின. நெடுங்காலம் ஆப்பிரிக்காவுக்குள் இருந்தது, 1988இல் எகிப்துக்கும் மறு ஆண்டு இஸ்ரேலுக்கும் வந்தது. 2019இல் வங்கதேசம், இந்தியா, சீனா மூன்றிலும் தலைகாட்டியது.

முதல் அறிகுறி எது?

காய்ச்சல். கழலை அதற்குப் பிறகுதான். வைரஸ் உடம்பில் புகுந்து பெரும்பாலும் 4 முதல் 14 நாளில் காய்ச்சல் தொடங்கும். அடுத்த ஓரிரு நாளில் தோலில் கழலை தெரியும். இந்த ஓரிரு நாளைப் பிடிக்க ஒரு தெர்மாமீட்டர் போதும். மாட்டின் இயல்பான உடல் வெப்பம் சுமார் 101.5 டிகிரி பாரன்ஹீட். காலையில், வெயில் ஏறுமுன், ஆசனவாயில் வைத்துப் பார்த்து 103ஐத் தாண்டினால் சந்தேகப்படுங்கள். இந்த நோயில் 104 முதல் 106 வரைகூடப் போகும். வெயிலில் நின்ற மாட்டுக்கு மதியத்தில் பார்த்தால் கணக்கு ஏமாற்றும்.

கூடவே கண்ணிலும் மூக்கிலும் நீர் வடியும், பால் சட்டென்று குறையும், தீவனத்தில் நாட்டம் போகும். தோளுக்கு முன்னாலும் பின்தொடை மடிப்புக்கு முன்னாலும் உள்ள நெறிக்கட்டிகள் கையில் தட்டுப்படும் அளவுக்கு வீங்கும். பாலளவு திடீரென்று இறங்கிய மாட்டுக்கு முதலில் வெப்பம் பாருங்கள். தீவனத்தை மாற்றிப் பார்ப்பது அதற்கு அப்புறம்.

பூச்சிக்கடித் தடிப்பும் கழலையும் ஒன்றுபோலத்தானே இருக்கின்றன? எப்படிப் பிரித்தறிவது?

கையை வைத்துப் பார்த்தால் பெரும்பாலும் தெரிந்துவிடும். ஒவ்வாமைத் தடிப்பு மேலோட்டமாக, மெத்தென்று இருக்கும், சில மணி நேரத்திலோ ஓரிரு நாளிலோ அமுங்கிவிடும், காய்ச்சல் இருக்காது. கழலை 2 முதல் 5 செ.மீ. அகலத்தில் கெட்டியாக, விளிம்பு தெளிவாக, தோலின் முழு ஆழத்துக்கும் ஊடுருவி நிற்கும். இரண்டு விரலால் கிள்ளிப் பிடித்தால் தோலோடு சேர்ந்தே நகரும். தலை, கழுத்து, அலைதாடி (கழுத்தடியில் தொங்கும் தோல்), மடி, விதைப்பை, கால்களுக்கு இடையே அதிகம் வரும்.

ஒரு வாரம் பத்து நாளில் கழலையின் நடுப்பகுதி செத்து, சுற்றிலும் வட்டமாக ஒரு பிளவு விழும். நடுவிலுள்ள கறுத்த முளை பாட்டில் மூடியைப் போலத் தனியே நிற்கும். அது கழன்று விழுந்த இடத்தில் ஆழமான குழி தெரியும். இப்படி ஒன்றைப் பார்த்துவிட்டால் பிறகு எதோடும் குழப்பிக்கொள்ள மாட்டீர்கள்.

மாட்டு ஹெர்பிஸ் வைரஸ் ஒன்றினால் வரும் போலிக் கழலை நோயும் உண்டு. அதில் தோலின் மேற்பரப்பு மட்டும் உரியும், ஆழக் குழி விழாது, மாடும் இவ்வளவு வாடாது. உறுதியாகச் சொல்ல ஆய்வகம்தான் வேண்டும். பொருக்கு அல்லது கழலையின் துணுக்கு, உறையாத இரத்தம் ஆகியவற்றைக் கால்நடை மருத்துவர் குளிர்ப்பெட்டியில் அனுப்புவார், வைரஸின் மரபணுவைத் தேடும் பிசிஆர் சோதனையில் தெரிந்துவிடும்.

எப்படிப் பரவுகிறது? பக்கத்தில் கட்டினாலே ஒட்டிக்கொள்ளுமா?

முக்கியமான வழி இரத்தம் குடிக்கும் பூச்சிகள். கடிக்கும் ஈ, கொசு, உண்ணி மூன்றுமே. இதில் கடிக்கும் ஈ செய்யும் வேலையைத் தெரிந்துகொண்டால் மற்றதெல்லாம் புரிந்துவிடும். இந்த ஈ பார்க்க வீட்டு ஈ போலத்தான் இருக்கும். ஆனால் வாய்க்கு முன்னால் ஊசி போன்ற உறிஞ்சி நீட்டிக்கொண்டிருக்கும். மாட்டின் காலில் உட்கார்ந்து தோலைத் துளைக்கும். வலி தாங்காமல் மாடு காலை உதறும், வாலை வீசும். வயிறு நிறையாத ஈ உடனே அடுத்த மாட்டுக்குத் தாவி, வாயில் ஈரம் காயாத இரத்தத்தோடு அங்கே குத்தும். வைரஸ் அந்த ஈக்குள் பெருகத் தேவையே இல்லை, உறிஞ்சியின் நுனியில் ஒட்டிக்கொண்டு போனால் போதும். ஒரே கொட்டகையில் ஒரு மாட்டிலிருந்து மறு மாட்டுக்குச் சில நிமிடத்தில் போய்விடும்.

வைரஸ் மிக அடர்த்தியாக இருப்பது கழலையிலும் பொருக்கிலும்தான். இரத்தத்தில் குறைவு. கழலையைத் துளைத்த ஈதான் ஆபத்தானது. நோயுற்ற மாட்டுக்குப் பூச்சி விரட்டி போடுவது மற்ற மாடுகளுக்குச் செய்யும் காவல் என்பது இதனால்தான்.

எச்சில், மூக்குச்சளி பட்ட தண்ணீர்த் தொட்டி வழியாகவும் தொற்றலாம், அது சிறிய பங்கு. மனிதர் கையால் பரவும் வழி ஒன்று இருக்கிறது: ஒரே ஊசியை மாடு மாடாகக் குத்துவது. ஈ செய்வதை நாமே செய்வதுபோல்தான் அது. நெடுந்தூரம் பாய்வதற்குக் காரணம் பெரும்பாலும் லாரியில் ஏறிப்போகும் மாடு.

ஒரு மாட்டுக்கு வந்துவிட்டது. முதல் நாளே என்ன செய்ய வேண்டும்?

கால்நடை மருத்துவருக்குச் சொல்லுங்கள். உலக விலங்கு சுகாதார அமைப்பின் பட்டியலில் உள்ள, அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோய் இது. மறைத்தால் சுற்றுவட்டாரத்துக்குத் தடுப்பூசி வருவது தாமதமாகும்.

அந்த மாட்டைத் தனியே கட்டுங்கள். பத்தடி தள்ளிக் கட்டினால் ஈக்கு அது ஒரு தூரமே இல்லை. முடிந்தால் தனிக் கூரை, சுற்றிலும் கொசுவலை. இல்லையென்றால் காற்றோட்டமான இடமாகப் பார்த்து, மாட்டின் மேல் பூச்சி விரட்டியும் மாலையில் புகைமூட்டமுமாவது வையுங்கள். கயிறு, வாளி, தண்ணீர்த் தொட்டி எல்லாம் அதற்கென்று தனி. தீவனம் வைப்பது, கறப்பது, சாணம் அள்ளுவது எதுவானாலும் ஆரோக்கியமான மாட்டில் தொடங்கி நோயுற்றதில் முடியுங்கள். திரும்பி வரும்போது கை கால் கழுவி, உடுப்பு மாற்றுங்கள்.

மீதி மாடுகள் அனைத்துக்கும் தினம் காலையில் வெப்பம் பார்த்து எழுதி வையுங்கள். 28 நாள் வரை உங்கள் இடத்திலிருந்து மாடு வெளியே போகவும் வேண்டாம், உள்ளே வரவும் வேண்டாம். பொது மேய்ச்சலும் கூடாது.

இதற்கு மருந்து இருக்கிறதா?

வைரஸைக் கொல்லும் மருந்து இல்லை. கொடுக்கும் மருந்தெல்லாம் காய்ச்சலையும் வலியையும் தணிக்கவும், புண்ணில் பாக்டீரியா ஏறாமல் தடுக்கவும்தான். ஆனாலும் அது சிறிய வேலை என்று எண்ண வேண்டாம். மாடு சாவது பெரும்பாலும் நுரையீரல் அழற்சி, புண் சீழ்பிடிப்பு, தீனி எடுக்காமல் தளர்ந்துபோவது இவற்றால்தான். நோய் கண்டவற்றில் இறப்பு பொதுவாக 10 சதவீதத்துக்குள் இருக்கும். இளங்கன்றுகளிலும் தளர்ந்த மாடுகளிலும் கூடும்.

ஆன்டிபயாடிக் எது, எத்தனை நாள் என்பதை மருத்துவர் முடிவு செய்வார். ஒரு ஊசியோடு நிறுத்தினால் பயனில்லை, சொன்ன நாள் வரை போட வேண்டும். வலி, காய்ச்சலுக்கு மெலாக்சிகம் நல்லது. டைக்ளோபினாக் வேண்டாம். அது போட்ட மாட்டின் சடலத்தைத் தின்னும் பிணந்தின்னிக் கழுகு சிறுநீரகம் கெட்டுச் செத்துவிடும். இந்தியாவில் கால்நடைகளுக்கு அதற்கு 2006 முதலே தடை உள்ளது.

வீட்டில் செய்ய வேண்டியவை இவை. வாயிலும் தொண்டையிலும் புண் இருக்கும், ஆகவே இளம்புல், ஊறவைத்த தவிடு போல மென்மையானதைக் கொடுங்கள். மார்பும் அலைதாடியும் வீங்கிய மாட்டுக்குக் குனிவது வலி. தண்ணீரையும் தீவனத்தையும் மார்பு உயரத்துக்கு ஏற்றி வையுங்கள், பல மாடுகள் அப்போதே குடிக்கத் தொடங்கும். படுத்த மாட்டை 3–4 மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் போடுங்கள்.

செய்யவே கூடாதது ஒன்று: தலையைத் தூக்கிப் பிடித்து வாயில் கஞ்சியோ மருந்தோ ஊற்றுவது. தொண்டையில் கழலை இருக்கும் மாடு சரியாக விழுங்காது. ஊற்றியது மூச்சுக்குழாய்க்குப் போய், இரண்டு நாளில் நுரையீரல் அழற்சியாக நிற்கும். நோயில் பிழைக்க வேண்டிய மாடு இப்படிப் போவதுண்டு.

கழலையைக் கீறி விடலாமா? புண்ணை எப்படிப் பார்த்துக்கொள்வது?

கீறாதீர்கள், பிதுக்காதீர்கள். உள்ளே சீழ் இருக்காது, கெட்டித் தசைதான் இருக்கும். கீறினால் வைரஸ் வெளியே வரும், ஈக்கு வழி திறக்கும்.

தானாக உடைந்த புண்ணுக்கு: கொதித்து ஆறிய 1 லிட்டர் தண்ணீரில் 9 கிராம் உப்புக் கலந்து கழுவுங்கள். சுத்தமான துணியால் ஒற்றி எடுத்து, நீர்த்த போவிடோன் அயோடின் தடவுங்கள். புண்ணைச் சுற்றி வேப்பெண்ணெய் அல்லது ஈ விரட்டும் களிம்பு. தினம் இரண்டு முறை. விழுந்த பொருக்குகளை அள்ளி எரியுங்கள். காய்ந்த பொருக்கில் வைரஸ் 35 நாள் வரைகூடப் பிழைக்கும்.

புண்ணில் துர்நாற்றமும் இரத்தம் கலந்த நீரும் வந்தால், மாடு அந்த இடத்தையே நக்கிக்கொண்டிருந்தால் புழு வைத்திருக்கிறது என்று பொருள். இடுக்கியால் எடுத்துக் கொன்ற பிறகுதான் மருந்து. புழு உள்ளே இருக்க மேலே களிம்பைப் பூசி மூடிவிட்டால் அது ஆழத்துக்குப் போகும்.

மூலிகை மருந்து மட்டும் போதுமா?

வேப்பிலை, மஞ்சள், குப்பைமேனியை எண்ணெயில் காய்ச்சிப் புண்ணுக்குத் தடவலாம். ஈ அண்டாது, புண் வறளும். லேசான நோயில் இதோடு தேறும் மாடுகளும் உண்டு, அவை பெரும்பாலும் தாமாகவே தேறக்கூடியவை. காய்ச்சல் 104க்கு மேல் இரண்டு நாள் நின்றாலோ, மூச்சு வாங்கினாலோ, கால் வீங்கி எழ முடியாவிட்டாலோ மூலிகையை நம்பிக் காத்திருக்காதீர்கள்.

பால் குடிக்கலாமா? மனிதருக்கு வருமா?

மனிதருக்கு வராது. காய்ச்சிய பாலில் வைரஸ் இருக்காது. பாலைத் தவிர்க்க வேண்டிய காரணம் வேறு: ஆன்டிபயாடிக் போட்ட மாட்டின் பாலை மருந்துச் சீட்டில் சொன்ன நாள் வரை விற்கவும் கூடாது, குடிக்கவும் கூடாது. மடியில் கழலை வந்த மாட்டுக்கு மடிநோய் சேர்ந்து வருவது அடிக்கடி நடக்கும். ஆகவே ஒவ்வொரு வேளையும் முதல் பீச்சலைக் கறுப்புத் துணியில் விட்டுத் திரி இருக்கிறதா பாருங்கள்.

கன்று தாயிடம் ஊட்டலாமா?

காம்பில் புண் இருந்தால் ஊட்ட விடாதீர்கள், புண் வழியாகவும் பால் வழியாகவும் தொற்றும். பாலைக் காய்ச்சி, இளஞ்சூட்டுக்கு ஆற்றிக் கொடுங்கள். பிறந்த கன்றுக்குச் சீம்பால் மட்டும் தவற விடக்கூடாது. தடுப்பூசி போட்ட அல்லது நோயிலிருந்து தேறிய தாயின் சீம்பாலில் கன்றுக்கான எதிர்ப்பு இருக்கிறது.

எந்தத் தடுப்பூசி? எப்போது?

மூன்று வகை உண்டு. மாட்டுக் கழலை வைரஸையே பலவீனப்படுத்திச் செய்த உயிருள்ள தடுப்பூசி, வெள்ளாட்டு அல்லது செம்மறி அம்மைத் தடுப்பூசி, செத்த வைரஸ் தடுப்பூசி. முதல் வகைதான் வலுவான காவல் தரும். இந்தியாவில் வெள்ளாட்டு அம்மைத் தடுப்பூசி பரவலாகப் போடப்பட்டது. 2022 ஆகஸ்டில் லம்பி-ப்ரோவாக்-இண்ட் என்ற உள்நாட்டு உயிர்த் தடுப்பூசி வெளியிடப்பட்டது.

ஆண்டுக்கு ஒருமுறை, ஈயும் கொசுவும் பெருகும் பருவத்துக்கு ஒரு மாதம் முன்பே போட்டுவிட வேண்டும். ஊசி போட்டு முழுக் காவல் வர ஏறத்தாழ 3 வாரம் ஆகும். பக்கத்து ஊரில் வந்த பிறகு போடுவதில் இந்த 3 வாரம்தான் இடிக்கிறது. ஊசி போடாத தாயின் கன்றுக்கு எந்த வயதிலும் போடலாம். எதிர்ப்புள்ள தாயின் கன்றுக்கு 4 முதல் 6 மாதத்தில் போடுவார்கள். முன்பே போட்டால் சீம்பாலில் வந்த எதிர்ப்பு தடுப்பூசி வைரஸை அழித்துவிடும். ஒரு வட்டாரத்தில் 80 சதவீத மாடுகளுக்காவது போட்டால்தான் பரவல் அடங்கும்.

ஊசி போட்டும் வந்துவிட்டதே, ஏன்?

பெரும்பாலும் மருந்து கெட்டுப்போயிருக்கும், அல்லது காலம் தவறியிருக்கும். உயிருள்ள தடுப்பூசிக்கு 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் குளிர் விட்டுப்போகக்கூடாது. நடக்கும் தவறுகள்: ஐஸ் இல்லாமல் பையில் தூக்கிப்போவது, தூளைக் கரைக்கும் நீர் குளிராமல் இருப்பது, காலையில் கரைத்த குப்பியை மாலைவரை போடுவது. கரைத்தால் குப்பியில் சொன்ன நேரத்துக்குள், பொதுவாக 2 மணி நேரத்துக்குள், தீர்த்துவிட வேண்டும். மிஞ்சியதை ஃபிரிட்ஜில் வைத்து மறுநாள் போடுவது தண்ணீரைப் போடுவதற்குச் சமம். வெந்நீரில் கொதித்துச் சூடு ஆறாத சிரிஞ்சும், ஸ்பிரிட் காயாத தோலும் வைரஸைக் கொன்றுவிடும். கழுத்துத் தோலை மடித்துப் பிடித்துத் தோலுக்கடியில் போட வேண்டும், மாட்டுக்கு மாடு புது ஊசி.

ஏற்கெனவே தொற்றி, காய்ச்சல் வருமுன் இருந்த மாட்டுக்கு ஊசி போட்டால் ஒரு வாரத்தில் நோய் வெளிப்படும். ஊசியால் வந்தது என்று பழி விழும்.

ஊசி போட்ட இடத்தில் வீக்கம், உடம்பில் சின்னக் கட்டிகள் வந்தன. பயப்பட வேண்டுமா?

வேண்டாம். ஊசி இடத்து வீக்கம், ஓரிரு நாள் லேசான காய்ச்சல், கொஞ்சம் பால் குறைவு இயல்பு. சிறு பங்கு மாடுகளுக்கு இரண்டு வாரத்துக்குள் சின்னக் கட்டிகள் வரலாம். அவை மேலோட்டமானவை, ஆழக் குழி விழாமல் மறைந்துவிடும்.

ஈயையும் உண்ணியையும் எப்படிக் குறைப்பது?

மருந்தைவிடத் துடைப்பமும் மண்வெட்டியும் இங்கே அதிகம் உதவும். கடிக்கும் ஈ முட்டையிடுவது சாணமும் மூத்திரமும் ஊறிய வைக்கோலிலும், தொட்டியடியில் அழுகும் தீவனத்திலும்தான். முட்டை ஈயாக இரண்டு மூன்று வாரம் ஆகும். வாரத்துக்கு இருமுறை அந்த ஈரக் குப்பையை அள்ளிக் காயப்போட்டால் ஒரு தலைமுறையே அறுந்துவிடும். கொட்டகையின் மூலைகளையும் தொட்டியின் பின்பக்கத்தையும் மறக்காதீர்கள், நடுத்தளத்தை மட்டும் பளபளவென்று கழுவுவது பெரும்பான்மையோர் வழக்கம். தேங்கிய தண்ணீரில் கொசு முட்டையிடும்.

மாட்டின் மேல் தெளிக்க 1.25 சதவீத டெல்டாமெத்ரின் 1 லிட்டர் தண்ணீருக்கு 2 மி.லி. கலக்கலாம், ஈக்கும் உண்ணிக்கும் வேலை செய்யும். 12.5 சதவீத அமிட்ராஸும் லிட்டருக்கு 2 மி.லி. என்ற அளவுதான், ஆனால் அது உண்ணிக்கு, ஈக்கு உதவாது. குதிரைக்கு அமிட்ராஸ் ஆகாது. அளவைக் கூட்டினால் விஷம், குறைத்தால் உண்ணி மருந்துக்குப் பழகிவிடும். காது உட்புறம், வாலடி, மடிக்கும் தொடைக்கும் நடுவிடம், அலைதாடி மடிப்பு நனைய வேண்டும், முதுகில் மட்டும் தெளித்தால் உண்ணிக்குத் தெரியவே தெரியாது. திறந்த புண்ணில் படாமல், வெயில் தாழ்ந்த பின், கையுறை போட்டுத் தெளியுங்கள். மிச்சத்தைக் குளத்தில் கொட்டினால் மீன் செத்துவிடும்.

கொட்டகையை எதனால் கழுவ வேண்டும்?

முதலில் சாணத்தைச் சுரண்டி, சோப்புத் தண்ணீரில் தேய்த்து, கழுவி வடிய விடுங்கள். சாணத்தின் மேல் குளோரின் ஊற்றினால் குளோரின்தான் வீணாகும். பிறகு 2 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட் (குளோரின் திரவம்): கடையில் வாங்கியது 5 சதவீதமானால் 400 மி.லி.யுடன் 600 மி.லி. தண்ணீர், 10 சதவீதமானால் 200க்கு 800. கால் மணி நேரம் ஈரமாக இருக்கட்டும். 2 சதவீத பீனாலும் ஆகும். குளோரினையும் அமிலத்தையும் சேர்த்துவிடாதீர்கள், மூச்சை அடைக்கும் நச்சு வாயு வரும். வெயில் படாத இருட்டுக் கொட்டகையில் வைரஸ் மாதக்கணக்கில் தங்கும், கூரை ஓட்டையை அடைக்கும் முன் கொஞ்சம் வெயிலை விடுங்கள்.

எருமைக்கும் ஆட்டுக்கும் வருமா?

எருமைக்கு வரும், மாட்டைவிட மிகக் குறைவு. ஆட்டுக்கு இது வருவதில்லை, அதற்கு அதன் அம்மையே இருக்கிறது.

சினை மாடு, காளை?

கடும் காய்ச்சலில் சினை கலையலாம், பல மாடுகள் சில மாதம் பருவத்துக்கு வராமல் இருக்கும். காளையின் விதைப்பையில் கழலை வந்தால் தற்காலிகமாகவோ நிரந்தரமாகவோ மலடாகலாம். விந்தில் உயிருள்ள வைரஸ் 42 நாள் வரை கண்டறியப்பட்டிருக்கிறது. தேறிவிட்டது என்று உடனே இனவிருத்திக்கு விடாமல், விந்துச் சோதனையில் வைரஸ் இல்லை என்றான பின் விடுங்கள்.

தேறிய மாட்டை எப்போது மந்தையில் சேர்க்கலாம்?

கடைசிப் பொருக்கு விழுந்து, புண் எல்லாம் மூடிய பிறகு. கடுமையாகத் தாக்கியிருந்தால் முழுதாகத் தேற 6 மாதம்கூட ஆகலாம். தேறிய மாடு வைரஸை உள்ளே வைத்துக்கொண்டு ஆயுள் முழுக்கப் பரப்பாது. தழும்பைப் பார்த்து அதை ஒதுக்க வேண்டியதில்லை. அதற்கு நோய் மீண்டும் வருவதும் அரிது.

இறந்துவிட்டால்?

தோலை உரிக்காதீர்கள். காற்றில் உலர்த்திய தோலில் 18 நாளாவது வைரஸ் பிழைக்கும், குழி விழுந்த தோலுக்கு விலையும் கிடைக்காது. கிணறு, ஓடையிலிருந்து விலகிய மேட்டு நிலத்தில், சடலத்தின் மேல் 6 அடி மண் நிற்கும்படி ஆழக் குழி தோண்டிப் புதையுங்கள். அதன் படுக்கை வைக்கோல், மிஞ்சிய தீவனம், கயிறு எல்லாம் அதோடு குழிக்குள் போகட்டும். இழுத்துப்போன வண்டியையும் வழியையும் அன்றே கழுவுங்கள்.